மதினியின் பதினோராவது சுற்று

என் நாத்தனார் வாழ்க்கையில் முதன்முதலாக எழுதிய கம்ப்யூட்டர் லூப், ஒரு சிவப்பு அட்டையின் பின்பக்கத்தில் இருந்தது. எங்கள் கம்பெனியில் பழுதான பொருளுக்குக் கட்டித் தொங்கவிடும் அட்டை அது. முன்பக்கத்தில் தேதி, லைன் எண், என்ன பழுது என்று எழுதக் கட்டங்கள் இருக்கும். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். காலை ஐந்து மணிக்குப் படப்பையிலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், உட்கார இடம் கிடைக்காத ஒரு நாளில், அந்த அட்டையை என் தோளில் வைத்து அவர் எழுதினார். பஸ் குலுங்கக் குலுங்கப் பேனா முனை என் தோள்பட்டையைக் குத்தியது. எழுதி முடித்ததும் என் மூக்குக்கு நேரே அட்டையை நீட்டி, "இன்னாடி, ஓடுமா?" என்றார். ஓடும் என்றேன். அன்றைக்கு அது உண்மையான பதில்தான்.

அவர் என் கணவரின் அக்கா. என் பிறந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், தேரிக்காட்டை ஒட்டிய கிராமம். அங்கே கணவரின் அக்காவை மதினி என்போம். கல்யாணமான புதிதில் நான் அப்படிக் கூப்பிட்டபோது படப்பை வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு தெருக்காரர்கள், பஸ்ஸில் வருகிறவர்கள், கேண்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர் வரைக்கும் அவரை மதினி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும்.

நான் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடி வந்து, ஹாஸ்டலில் தங்கி, சேர்ந்த முதல் லைனுக்கு அவர்தான் லீடர். வண்டி விளக்குகளைக் கட்டுப்படுத்தும் கைப்பிடி அளவுப் பெட்டியை நாங்கள் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கக் கம்பெனி வாசலுக்கு வந்த தம்பி, மூன்றாம் முறை வந்தபோது டப்பா அக்காவுக்காக வரவில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் புராட்டஸ்டண்ட். கல்யாணப் பேச்சில் அதைப் பெரிய விஷயமாக்கியது மதினிதான். கடைசியில் அதே மதினிதான் முகூர்த்தப் புடவையும் எடுத்தார். ஆக, எட்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் அதே லீடரிடம் எனக்கு அடுத்த ஷிஃப்ட். உப்பு எவ்வளவு, துணி எங்கே காய வேண்டும், கண் அழுத்த நோயில் பார்வை மங்கிப்போன மாமனாருக்கு எந்த நேரத்தில் எந்த மருந்துச் சொட்டு என்று எல்லாமே அவர் கையில் இருந்தது. குழம்பில் நான் தேங்காய் அரைத்து ஊற்றினால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மோந்து பார்த்துவிட்டு ரசம் ஊற்றிக்கொள்வார். அது போதாதா எனக்கு எரிய!

ஒருநாள் கேண்டீனில் எங்கள் எல்லாரையும் கூட்டி அறிவித்தார்கள். எங்கள் லைன் தானியங்கி ஆகப்போகிறது. செய்த பெட்டிகளைச் சோதிக்கும் பிரிவுக்கு ஆட்கள் வேண்டும். அங்கே இருக்கும் மெஷின்கள் சி என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராமில் ஓடுபவை. அதைப் படிக்கவும் சின்னத் திருத்தங்கள் செய்யவும் தெரிந்திருக்க வேண்டும். எட்டு வாரம் வகுப்பு, கடைசியில் ஒரு தேர்வு. தேறினவர்களுக்கு இங்கேயே டெஸ்டிங் பிரிவு. தேறாதவர்களுக்கு ஓசூர்ப் பக்கத்து யூனிட்டில், கையால் பூட்டும் பழைய வேலையே. யாருக்கும் வேலை போகாது என்று சொன்னதும் எல்லாரும் கைதட்டினார்கள். மதினி தட்டவில்லை. ஓசூர் என்றால் அவருக்கு அப்பாவை விட்டுப் போவது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மறைத்துக்கொண்டு எழுதுவதில் அர்த்தமில்லை. அந்த அறிவிப்பைக் கேட்டபோது என் மனதின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நான் டிப்ளமோக்காரி, எப்படியும் தேறிவிடுவேன். மதினி பன்னிரண்டாம் வகுப்பு; அதுவும் வரலாறு எடுத்துப் படித்தவர். அவர் ஓசூர் போனால் அடுக்களை எனக்கு. என் குழம்பு, என் தேங்காய், என் வீடு. அதை நினைத்ததற்காக அன்று மாலையே வெட்கப்பட்டு மாமனாருக்குத் தேவைக்கு அதிகமாகவே தலையணையைத் தட்டிப் போட்டேன். ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வகுப்பு. வயிறு நிறைந்த நேரம், குளிரூட்டிய அறை, இருபத்துநான்கு பெண்கள். பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். சொல்லிக்கொடுக்க வந்த சார் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்த இளைஞர். பாவம், ரொம்ப நல்லவர், யாரையும் திட்டத் தெரியாது. மூன்றாம் வாரம் அவர் பலகையில் லூப் என்று எழுதி, "ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதுதான் இது" என்றார். கடைசி வரிசையிலிருந்து மதினியின் குரல் வந்தது. "அத்ததான் சார் நாங்க பன்னெண்டு வருசமா பண்ணிக்கினு கீறோம்." அறை முழுக்கச் சிரித்தது. தூங்கினவர்கள் எழுந்துகொண்டார்கள்.

அன்றிலிருந்து வகுப்பு ஓடத் தொடங்கியது. சார் பலகையில் நட்சத்திரக் குறிகளை முக்கோணமாக அடுக்கிக் காட்டுவார். எங்களுக்கு ஒன்றும் ஏறாது. மதினி அதை லைனுக்குக் கொண்டுவந்து எங்களுக்குத் திருப்பிச் சொல்வார். வொயில் என்ற வகை லூப் வந்தபோது, ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணிக்கையை ஒன்று கூட்டும் ஐ பிளஸ் பிளஸ் என்ற வரியைப் பாதிப் பேர் எழுத மறந்தோம். கூட்டாவிட்டால் எண்ணிக்கை ஏறாது, ஏறாவிட்டால் லூப் நிற்காது, திரை முழுக்க ஒரே வரி ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் லைனில் ஒவ்வொருத்தியின் மேஜையிலும் ஒரு கவுண்டர் பொத்தான் உண்டு. ஒரு பீஸ் முடிந்ததும் கட்டைவிரலால் அதை அழுத்த வேண்டும்; அன்றைய எண்ணிக்கை நிறைந்தால்தான் லைன் நிற்கும். புதிதாக வருகிற பெண்கள் மறந்துவிடுவார்கள். மெஷின் சத்தத்தில் கத்தினால் கேட்காது என்பதால் மதினி தூரத்திலிருந்தே கட்டைவிரலைக் காற்றில் இரண்டு தடவை அழுத்திக் காட்டுவார். "அத்த அமுக்காம வுட்டா லைன் எப்படி நிக்கும்? ஐ பிளஸ் பிளஸ்னா அந்தப் பொத்தான்தான்" என்றார். அதற்குப் பிறகு யாரும் மறக்கவில்லை, என்னைத் தவிர. நான் பெருமைக்காரி, டிப்ளமோவில் படித்ததுதானே என்று அலட்சியம்.

பிறகு ஃபார் என்ற இன்னொரு வகை லூப் வந்தது. எண்ணிக்கையை எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. "சியில் நாம் பெரும்பாலும் சுழியத்திலிருந்து எண்ணுவோம்" என்றார் சார். ஏன் என்று ஒருத்தி கேட்டாள். அவர் நினைவகம், முகவரி என்று ஏதேதோ விளக்கினார். மதினியின் முகத்தில் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. வெளியே வரும்போது என் கையைப் பிடித்து இழுத்தார். "சீரோ இன்னான்னு புரிஞ்சிபோச்சுடி. ஃபர்ஸ்ட் பீஸ்!"

ஷிஃப்ட் தொடங்கியதும் முதலில் செய்கிற பெட்டியை நாங்கள் ஃபர்ஸ்ட் பீஸ் என்போம். அதைத் தரம் பார்க்கிறவர்கள் எடுத்துப் போய் அளந்து, சரியென்றால் பச்சை அட்டை கட்டி லீடர் மேஜையில் வைத்துவிடுவார்கள். ஷிஃப்ட் முடிகிறவரை அது அங்கேயே இருக்கும். அன்றைய எண்ணிக்கையில் அது சேராது. பச்சை அட்டை வந்த பிறகுதான் கவுண்டரை ஓட விடுவோம். ஐந்நூறு பீஸ் என்றால் ஃபர்ஸ்ட் பீஸ் போக ஐந்நூறு. பன்னிரண்டு வருடம் அதிலேயே ஊறிய மதினிக்கு, சுழியம் என்ற எண் கணக்கில் சேராத அந்த முதல் பெட்டி. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! நானும் தலையை ஆட்டினேன். எனக்கும் அப்போது தவறு தெரியவில்லை.

ஆறாம் வாரத்தில் ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் வந்தது. வெளியே உள்ளது ஒரு சுற்று ஓடுவதற்குள் உள்ளே உள்ளது முழுவதும் ஓடி முடிக்க வேண்டும். சார் எவ்வளவு வரைந்தும் வகுப்பு கல்லாக உட்கார்ந்திருந்தது. மதினி கைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "வெளிய அஞ்சு சுத்து. ஒவ்வொரு சுத்துலயும் ஒரு பரலோக மந்திரம், அப்புறம் உள்ள பத்து அருள் நிறைந்த மந்திரம். பத்தும் முடிஞ்சாத்தான் அடுத்த பரலோகம். அவ்ளோதானே சார்?" சார் அசந்துபோனார். இந்த உதாரணத்தை இனி எல்லா வகுப்பிலும் சொல்வேன் என்றார். நான் வாயைத் திறந்து, உள்ளே எத்தனை மணி, வெளியே எத்தனை என்று மறுபடி கேட்டுவிட்டேன். எங்கள் சபையில் ஜெபமாலை கிடையாது, எனக்கு எப்படித் தெரியும்? திரும்பி வரும் பஸ்ஸில் மதினி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "டிப்ளமோ படிச்சிகினு இன்னா பிரயோஜனம், பத்து வரைக்கும் எண்ணத் தெரியலியே" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். பஸ் சிரித்தது. நான் மட்டும் மணிமங்கலம் ரோடு பிரிகிற இடம் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தேர்வு சனிக்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை மாலை மதினி மாமனாரின் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் அவருடைய நோட்டு திறந்து கிடந்தது. பத்து அளவுகளைக் கூட்டிச் சராசரி பார்க்கும் புரோகிராம். எடுத்துப் பார்த்தேன். லூப் சுழியத்தில் தொடங்கி, பத்து வரைக்கும், பத்தையும் சேர்த்து ஓடியது. சுழியத்தையும் சேர்த்து எண்ணினால் பதினோரு சுற்று.

பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். அவர் சொந்தமாக எழுதிய எல்லா லூப்பும் ஒரு சுற்று அதிகம். ஃபர்ஸ்ட் பீஸைக் கழித்துவிட்டு எண்ணியிருந்தார். இதுவரை யாருக்கும் ஏன் தெரியவில்லை என்பதும் புரிந்தது. ஒன்று முதல் பத்து வரை கூட்டச் சொன்னால், சுழியத்தைக் கூடக் கூட்டினாலும் ஐம்பத்தைந்துதானே வரும்! விடை சரி, சார் டிக் போட்டுவிட்டார். ஆனால் பத்து அளவுகளை வரிசையாகப் பத்து அறைகளில் வைத்திருக்கும்போது கதையே வேறு. அறைகளின் எண் சுழியத்திலிருந்து ஒன்பது வரைதான். பதினோராவது சுற்று, இல்லாத ஓர் அறையின் கதவைத் தட்டும். அங்கே என்ன குப்பை கிடக்கிறதோ அதையும் அள்ளிக் கூட்டிவிடும். விடை தாறுமாறாகப் போகும்.

மதினி மருந்துப் புட்டியை மூடிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார். நான் நோட்டை மூடி மேஜையில் வைத்தேன். அரிசி ஊறப்போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றேன்.

வியாழன் சொல்லவில்லை. வெள்ளியும் சொல்லவில்லை. பஸ்ஸில் சிரித்தார்களே, பத்து வரை எண்ணத் தெரியாதவள் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் பேசிக்கொண்டேன். அதற்கு அடியில் இன்னொரு நியாயம் இருந்தது. அடுக்களை, தேங்காய், என் வீடு. இரண்டில் எது பெரியது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. சுத்தமான வஞ்சகம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்வேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் மதினி கைப்பையைத் திறந்து எனக்கு ஓர் அவித்த முட்டை கொடுத்தார். தேர்வு நாளாயிற்றே, வெறும் வயிற்றோடு வந்துவிடுவேன் என்று உரித்து, உப்பும் மிளகும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அந்த முட்டையை வாயில் வைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"மதினி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. சுழியமும் ஒரு சுத்துதான். அதையும் சேத்துத்தான் எண்ணணும். உங்க லூப் எல்லாம் ஒண்ணு கூட ஓடுது."

"ஃபர்ஸ்ட் பீஸ் கணக்குல வராதே?"

"மெசினுக்கு அது தெரியாதுல்லா மதினி. அதுக்கு எல்லாமே பீஸ்தான்."

அவர் நோட்டை எடுத்துப் பார்த்தார். விரலை வைத்து எண்ணினார். ஒரகடம் வருகிறவரை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டே வந்தார். இறங்குவதற்கு எழுந்தபோது, "நீ எப்ப பாத்த இத்த?" என்று கேட்டார்.

"இப்பத்தான் மதினி. சும்மா யோசிச்சிட்டு வந்தேன், தோணிச்சு" என்றேன்.

அன்று ஷிஃப்ட் முழுவதும் அவர் லைனில் நடந்துகொண்டே இருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. மதியம் தேர்வறையில் ஆளுக்கொரு கணினி, இரண்டு கேள்விகள். ஒன்று முதல் பத்து வரை கூட்டு என்பது ஒன்று. பத்து அளவுகளின் சராசரி என்பது இன்னொன்று. இரண்டில் ஒன்று சரியாக ஓடினாலே தேர்ச்சி. நான் முதல் கேள்வியை வொயில் லூப்பில் எழுதி ஓட விட்டேன். திரை முழுக்க ஒரே எண் கொட்டத் தொடங்கியது. நிறுத்தத் தெரியவில்லை, எங்கே தவறு என்றும் தெரியவில்லை. டிப்ளமோ எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது, இரண்டு நாற்காலி தள்ளி மதினி என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் அந்தக் கோடியில் இருந்தார். மதினி கட்டைவிரலைக் காற்றில் இரண்டு தடவை அழுத்திக் காட்டிவிட்டுத் தன் திரைக்குத் திரும்பிக்கொண்டார்.

ஐ பிளஸ் பிளஸ். எழுதினேன், ஓடியது, தேறினேன்.

அவர் தேறவில்லை. நடந்ததைப் பின்னால்தான் சொன்னார். காலையில் நான் சொன்னதைக் கேட்டு, எல்லா இடத்திலும் ஒரு சுற்றைக் குறைத்துவிட வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டார். முதல் கேள்வியில் சுழியத்திலிருந்து தொடங்கி, பத்துக்கு முன்னால் ஒன்பதிலேயே நிறுத்திவிட்டார். ஐம்பத்தைந்துக்குப் பதில் நாற்பத்தைந்து. இரண்டாவதில் சரியாகத்தான் எழுதியிருந்தார். சுழியமும் ஒரு சுற்றா இல்லையா என்று திரும்பத் திரும்பச் சந்தேகப்பட்டு, கடைசி நிமிடத்தில் அதை ஒன்றிலிருந்து தொடங்கும்படி மாற்றிவிட்டார். முதல் அளவு விட்டுப்போனது. நான் புதன்கிழமை சொல்லியிருந்தால் மூன்று நாளில் பழகியிருப்பார். சொல்லாமலே இருந்திருந்தால்கூட முதல் கேள்விக்குப் பழைய வழியில் சரியான விடை வந்திருக்கும். தேர்ச்சியும் வந்திருக்கும். நான் மிகச் சரியாக, கெடுக்கிற நேரம் பார்த்து உண்மையைச் சொல்லியிருக்கிறேன்.

பட்டியல் ஒட்டிய அன்று அவர் அதை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். "நீ வந்துட்ட இல்ல, நல்லது" என்றார். போய் லைனைத் தொடங்கினார். அடுத்த மாதம் ஓசூர் போகும்போது, மாமனாரின் மருந்து நேரங்களை அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டினார். பெரிய எழுத்தில், எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற மாதிரி. பஸ் ஏறும்போது என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "குழம்புல தேங்கா கம்மியா போடு, அப்பாவுக்கு ஆவாது" என்றார்.

ஆக, ஆசைப்பட்ட அடுக்களை கிடைத்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை தேங்காய் அரைத்துவிட்டு மீன்குழம்பு வைத்தேன். என் கணவர் நன்றாக இருக்கிறது என்றார். மாமனார் சாப்பிட்டுவிட்டு, அவள் சாப்பிட்டிருப்பாளா என்று கேட்டார். நான் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் பின்பக்கம் போய் நின்று அழுதேன். சண்டை போட ஆள் இல்லாத வீட்டில் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் அவருக்குப் போன் போட்டேன். அந்த யூனிட்டிலும் ஆறு மாதம் கழித்து அதே தேர்வு உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் அங்கே ஒரு கம்பெனி பஸ்ஸில், நான் இங்கே ஒரு கம்பெனி பஸ்ஸில். தினமும் நாற்பது நிமிடம் வாயாலேயே புரோகிராம் எழுதினோம். நான் கேள்வி சொல்வேன், அவர் வரி வரியாக ஒப்பிப்பார். ஒவ்வொரு லூப்புக்கும் முதல் சுற்றில் என்ன நடக்கும், கடைசிச் சுற்றில் என்ன நடக்கும் என்று கேட்டு வாங்குவேன். எங்கள் டிரைவர் அண்ணன் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யம்மா, அந்த ஐ இன்னும் பத்துக்கு வந்து சேரலியா?" என்று கேட்க ஆரம்பித்தார். ஆறு மாதம் கழித்து மதினி தேறினார், இரண்டு கேள்வியும் சரி. ஆனால் அவருக்கு அங்கேயே டெஸ்டிங் பிரிவில் இடம் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு அங்கே ஏழெட்டு மெஷின்கள் அவர் பொறுப்பில் ஓடுகின்றன. நான் மறந்துபோனதைக்கூட இப்போது அவரிடம்தான் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனை வருடமாக எல்லாம் பேசினோம், அந்தப் புதன்கிழமையை மட்டும் நான் பேசவில்லை. போன மாதம் அவர் நான்கு நாள் விடுப்பில் வந்திருந்தார். செம்பரம்பாக்கம் ஏரிக் கெண்டை வாங்கி வந்து, பின்பக்கம் குழாயடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் செதில் உரசிக்கொண்டிருந்தோம். எங்கள் பிரிவில் ஓர் இடம் காலியாகிறது, மாற்றல் கேட்டால் கொடுப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு ஏதோ வந்துவிட்டது.

"மதினி, அந்தப் பரிச்சைக்கு முந்தி, புதன்கிழமையே நான் உங்க நோட்டப் பாத்துட்டேன். தப்பு தெரிஞ்சிது. வேணும்னேதான் சொல்லல. பஸ்ல வச்சு இப்பத்தான் தோணிச்சுன்னு சொன்னது பொய்."

அவர் கை நிற்கவில்லை. மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் உரசினார்.

"தெரியும்டி. நோட்ட பாத்துட்டு உன் மூஞ்சி போன போக்குலயே இன்னாமோ தப்புகீதுன்னு தெரிஞ்சிபோச்சு. நானா வாயத் தொறந்து இன்னாடின்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். பன்னெண்டு வருசம் லீடரா இருந்துட்டு, உங்கிட்ட போய் கேக்கணுமான்னு இருந்துச்சு. அரிசி ஊறப்போட்டியான்னு கேட்டேன் பாரு. எனக்கு வீம்பு, உனக்குக் கோவம்."

நான் அடுத்த மீனை எடுத்தேன். பிறகு மாற்றல் விஷயத்தைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள், நானே எங்கள் மேனேஜரிடம் பேசுகிறேன், அப்பாவும் எதிர்பார்க்கிறார் என்றேன். மதினி மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"வேணாம். அங்க நான் யாருக்கும் அக்கா இல்ல, மதினி இல்ல. வேல முடிஞ்சா ரூமுக்குப் போவேன், எனக்கு மட்டும் சமைப்பேன், தோணுச்சுன்னா சமைக்க மாட்டேன். இந்த வயசுல இப்டி ஒண்ணு கெடைக்கும்னு நெனச்சதில்ல." மீனைக் கழுவிச் சட்டியில் போட்டார். "நீ அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இங்கியேதான் இருந்திருப்பேன்."

என்னைக் குற்றம் சொல்கிறாரா, நன்றி சொல்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. பழைய நானாக இருந்தால் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருப்பேன். அவரும் அரிசியைப் பற்றி ஏதாவது கேட்டிருப்பார். இந்தத் தடவை நான் எழுந்திருக்கவில்லை.

"அப்ப நான் செஞ்சது நல்லதா கெட்டதா, மதினி?"

அவர் கையைக் கழுவி, புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அன்று முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"அப்பாவ நெனச்சா கெட்டது. என்ன நெனச்சா நல்லது. உன்ன நெனச்சா இன்னும் கோவம்தான் வருது, அது பாட்டுக்கு வந்துகினு இருக்கும், நீ கண்டுக்காத. அதுக்குன்னு காலைல போன் பண்ணாம இருந்துடாத."

இல்லை மதினி, பண்ணுவேன் என்றேன். சட்டியை அவரே தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். நான் தேங்காயை உடைக்கட்டுமா என்று பின்னாலிருந்து கேட்டேன். பாதி மூடி போதும் என்றார்.